கூட்டிக் காட்டிய மெமரி

கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்த பிறகு பல வேலைகள் பார்த்தேன். வல்லார்பாடத்தில் லாரி கழுவினேன், ஒரு ஹோட்டலில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். ஒன்றிலும் நிலைக்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. கடைசியில் இடப்பள்ளியில் ஒரு மாடுலர் கிச்சன் கடையில் சேர்ந்தேன். வீடு வீடாகப் போய் அலமாரிகளைப் பொருத்த வேண்டும். பிளைவுட் தூக்கித் தூக்கி இரண்டு முட்டியும் போய்விட்டன.

கடையில் கம்ப்யூட்டரில் கிச்சன் வரைந்துகொண்டிருந்தவர் வளைகுடாவுக்குப் போனதும் அந்த நாற்காலி காலியானது. போனில் வீடியோ பார்த்து வரையக் கற்றிருக்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"உன்ட லேப்டாப்புல ஒரு கிச்சன் வரைஞ்சு காட்டு. மட்டாஞ்சேரியில ஒரு சேச்சி கேட்டிருக்கு. அவங்களுக்குப் பிடிச்சா கசேர உனக்கு," என்றார். கசேர என்றால் அந்த நாற்காலி.

என்னிடம் இருந்தது யாரோ விற்றுக் கழித்த லேப்டாப். கடையின் மென்பொருளை ஏற்றினால், கிராபிக்ஸ் மெமரி போதாது என்று ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொண்டது. பஜாரில் ரிப்பேர் கடை வைத்திருந்தவரிடம் கொண்டு போனேன். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். தமிழ் பேசுவார், படிப்பது மலையாளம்தான்.

"அண்ணா, கிராபிக்ஸ் மெமரியக் கொஞ்சம் கூட்டித் தரணும்."

மெஷினைக் கவிழ்த்துப் போட்டு மூடியைக் கழற்றினார். "எவிடெ கூட்டறது? இதுக்குன்னு தனியா மெமரியே இல்ல. ராம்லேந்து ஒரு பங்க எடுத்துத்தான் படம் காட்டுது."

"அப்ப ராமைக் கூட்டுங்க."

"கூட்டலாம். செட்டிங்ஸ்ல பங்கையும் ஏத்தி வைக்கலாம். சாஃப்ட்வேர் தொறக்கும். ஆனா டேங்குதான் பெரிசாகும், பைப்பு பழசு. கேட்டியா?"

"தொறந்தா போதும் அண்ணா."

"பின்ன வந்து எங்கிட்ட சண்டைக்கு நிக்கக் கூடாது."

செத்துப்போன ஒரு மெஷினிலிருந்து பெரிய ராம் ஒன்றைப் பிடுங்கி மாட்டினார். மென்பொருள் திறந்தது.

சேச்சியின் சமையலறையை நானே அளந்தேன். பழைய வீடு. ஜன்னல் பக்கம் சுவர் ஒரு முனையில் இரண்டு விரல் உள்ளே வாங்கியிருந்தது. அளவில் எழுதி, படத்திலும் அப்படியே போட்டேன்.

சேச்சி கடைக்கு வந்தார். லேப்டாப் திணறினாலும் படம் வந்தது. பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது. "வாசல்ல நின்னு பார்த்தா எப்படி இருக்கும்?" என்றார். திருப்பினேன். கொஞ்சம் நேரம் எடுத்துத் திரும்பியது. "கதவெல்லாம் கண்ணாடி மாதிரி மின்னணும்," என்றார். அதைச் சொடுக்கினேன். படம் அப்படியே நின்றது. பிறகு திரை கறுத்தது.

"கரண்ட் போயோ?" என்று கேட்டுச் சிரித்தார் சேச்சி. முதலாளி சிரிக்கவில்லை. போனை எடுத்துத் தன் அக்கா மகனைக் கூப்பிட்டார்.

அவன் இஞ்சினியரிங் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். விளையாடுவதற்கென்றே வாங்கிய தடித்த லேப்டாப்போடு வந்தான். நான் எழுதிய அளவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தான். கதவுகள் மின்னின, தரையில் அவற்றின் நிழல்கூட விழுந்தது. சேச்சி சம்மதித்துவிட்டுப் போனார். நாற்காலியில் அவன் உட்கார்ந்தான்.

அலமாரிகள் செய்து வந்தன. பொருத்தப் போனது நான்தான். ஜன்னல் பக்கம் அலமாரி ஒரு முனையில் சுவரில் இடித்தது, மறுமுனையில் இடைவெளிக்குள் கை நுழைந்தது. அவனைப் போனில் கூப்பிட்டேன்.

"சேட்டா, அது சுவரு செரியல்ல," என்றான்.

"அளவுல எழுதியிருந்தேனே."

"ஸ்க்ரீன்ல கோணலா இருந்தா கஸ்டமருக்குப் பிடிக்குமா? நேராக்கிட்டேன்."

இடித்த பக்கத்தை இழைத்தேன். இடைவெளிக்கு ஒருபுறம் அகலமும் ஒருபுறம் ஒடுக்கமுமாக ஒரு பலகைப் பட்டி அறுத்து, மண்டியிட்டு உட்கார்ந்து செருகினேன். மதியம் ஆனது. முதலாளி வந்து விரலால் தடவிப் பார்த்தார். சந்து தெரியவில்லை.

"கண்டோ, பாத்தியா," என்றார். "நீ கசேரயில இருந்தா இத யாரு செய்யும்?"

பாராட்டாகத்தான் சொன்னார். அடுத்த வீடு பள்ளுருத்தியில், மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்றும் சொன்னார்.