இருதயராஜ் சார் ஃபார்மேட் செய்ய மறுத்த கணினி

இருதயராஜ் சார் இறந்த செய்தி வந்தபோது கம்பெனி பஸ் சில்க் போர்டு சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. பழைய ஆபீஸ் தோழி எஸ்.எம்.எஸ். அனுப்பியிருந்தாள். மஞ்சள் காமாலையாம், பத்து நாள் படுக்கையாம், மாலை கன்டோன்மென்ட் பக்கத்துக் கோயிலில் அடக்கப் பூசையாம். படித்துவிட்டு போனைப் பையில் போட்டுக்கொண்டேன். பச்சை விழுந்தது, பஸ் நகர்ந்தது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஐம்பது வயது ஒரு வயதா?

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் வீட்டுக் கல்கல் பலகாரம் ஞாபகம் இருக்கும். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் டப்பா நிறையக் கொண்டுவருவார். கல்லேதான். “பல்லு போனா இன்சூரன்ஸ் இருக்கு, சும்னே சாப்பிடுங்க,” என்பார் கன்னடம் கலந்து. இனிமையான மனிதர் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆபீஸ் கணினிகளுக்குப் பொறுப்பு அவர்தான்; சரியில்லை என்று போனால் முதலில் முறைப்பார். “உன் மிஷினு, நீ பக்கத்துல இல்லாம நான் தொட மாட்டேன்,” என்று நாற்காலி இழுத்துப் போட்டு நம்மையும் உட்காரவைப்பார். அரை நாள் வேலை கெடும்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் அப்போது எங்களுடையது சின்ன ஆபீஸ். நான் திருப்பத்தூரிலிருந்து வந்து பி.ஜி. விடுதியில் தங்கி வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஆயுத பூஜைக்கு எல்லாக் கணினிக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். கற்பூரம் ஏற்றினால் புகை அலாரம் அலறும். அதனால் மேலாளர் ஒரு யோசனை செய்தார். இணையத்திலிருந்து தீபம் எரிகிற ஸ்கிரீன் சேவர் ஒன்றை இலவசமாக இறக்கி, வாசலுக்கு நேராக இருந்த என் கணினியில் போட்டார். எல்லோரும் அந்தத் திரையைக் கும்பிட்டோம். பூஜை முடிந்தும் தீபம் அங்கேயே இருந்தது. சிறிது நேரம் விசைப்பலகையைத் தொடாவிட்டால் தானாக எரியும்.

அடுத்த வாரம் தொல்லை ஆரம்பித்தது. பிரவுசரில் எந்த முகவரி அடித்தாலும் ஆபாசப் படங்கள் உள்ள தளத்துக்கே இழுத்துக்கொண்டு போனது. மூடினால் இன்னொன்று திறந்தது. ஒருநாள் மேலாளர் என் பின்னால் நின்று பார்த்துவிட்டார். நான் சொன்ன எதையும் அவர் கேட்கவில்லை. வேலைக்குச் சேரும்போது என் அப்பா, “பொண்ணப் பாத்துக்கங்க சார்,” என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மேலாளர் நேராக அவருக்கே போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அப்பா சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் அப்படிக் கூட்டிக்கொண்டு போன பெண் மறுபடி ரயில் ஏறுவதில்லை.

“ஃபார்மேட் பண்ணித் தள்ளுங்க சார், ஒரு மணி நேர வேலை,” என்றார்கள் எல்லோரும். இருதயராஜ் சார் மறுத்தார். “எல்லாத்தையும் அழிச்சிட்டா எப்படி வந்துச்சுன்னு எவனுக்குத் தெரியும்? மிஷின் சுத்தமாயிடும். இந்தப் பொண்ணு அப்பனுக்கு என்னய்யா பதில் சொல்றது?”

என்னிடம் நேராகவே கேட்டார். “நீ பாத்தியாம்மா? பாத்திருந்தா சொல்லு, வேலை சீக்கிரம் முடியும்.” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இல்ல சார்,” என்றேன். “சரி,” என்றார். மறுபடி கேட்கவில்லை.

பிரவுசரில் ஒட்டியிருந்த தெரியாத டூல்பாரைப் பிடுங்கினார், முகப்புப் பக்கத்தை மாற்றினார், முடிந்தது என்று அறிவித்தார். சாப்பிட்டு வந்து பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி. மீண்டும் துடைத்தார். நான் டீ குடித்துவிட்டு வந்தேன், மீண்டும் அதே. வெள்ளிக்கிழமை மதியம் முழுவதும் என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. “நீ எழுந்து போனாத்தாம்மா கெடுது,” என்றார் மெதுவாக.

மறுபடி துடைத்துவிட்டு மேலாளரையும் மற்றவர்களையும் கூப்பிட்டார். “யாரும் தொடாதீங்க.” கை கட்டி நின்றோம். தீபம் எரிந்தது. ஒரு பெண் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர் மவுஸை அசைத்து பிரவுசரைத் திறந்தார். அந்தத் தளம் வந்து நின்றது. பிறகு தீபத்தையே நீக்கி, துடைத்து, மறுபடி காத்திருக்கவைத்தார். இந்த முறை எங்கள் கம்பெனிப் பக்கம் ஒழுங்காக வந்தது.

“நான் போட்டதா?” என்றார் மேலாளர்.

“தீபத்துக்குள்ள ஒளிஞ்சு, சாமி பேர்ல வந்துச்சு சார். யாரு சந்தேகப்படுவா?”

“சரி, எல்லாரும் வேலையப் பாருங்க,” என்று மேலாளர் திரும்பினார்.

“சொல்ப இருங்க சார்,” என்று தடுத்தார் இருதயராஜ் சார். “இவங்க அப்பாவுக்கு இங்கேயே ஒரு போன் போட்டுடுங்க.”

“திங்கட்கிழமை பேசறேன்.”

“ஞாயித்துக்கிழமை அவர் ரயில் ஏறிடுவார் சார்.” ரிசீவரை எடுத்து நீட்டினார். நீட்டிய கையை இறக்கவில்லை.

மேலாளர் என் மேசையருகில் நின்றபடியே பேசினார். “தப்பு எங்க பேர்லதாங்க,” என்றது எல்லோர் காதிலும் விழுந்தது. பிறகு ரிசீவர் என் கைக்கு வந்தது. அப்பா தொண்டையைச் செருமினார். “அப்ப நான் வரலம்மா,” என்றார்.

அதற்குப் பிறகு இந்த ஊரில் எனக்கு இரண்டு கம்பெனிகள் மாறின, கல்யாணம் ஆனது, சந்தாபுராவில் ஒரு வீடு அமைந்தது. கன்னடத்தில் சண்டை போடக் கற்றுக்கொண்டேன். இருதயராஜ் சார் எனக்கு என்ன விட்டுப்போனார் என்று கேட்டால், இந்த ஊர் வாழ்க்கையைத்தான் காட்டுவேன்.