'புதுசு' என்று பெயர் வைத்த பழைய டிஸ்க்

கூடுவாஞ்சேரியில் ஒரு கடையில் எங்கள் கம்ப்யூட்டருக்குப் புது டிஸ்க் போட்டுக்கொடுத்தார்கள், பழையதைக் கழற்றாமல். அன்றிலிருந்து ஆன் செய்தால் இரண்டு விண்டோஸ் பெயர்கள் வந்து எது வேண்டும் என்று கேட்கும். அம்மா மாடம்பாக்கம் வீட்டிலிருந்தே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு எடுப்பவர். தினமும் மாலை என் அலுவலகத்துக்கு போன் வரும்: மேலே இருப்பதா, கீழே இருப்பதா?

ஒரு ஞாயிறு மதியம் இதற்கு முடிவு கட்ட உட்கார்ந்தேன். நான்கு மணிக்கு வகுப்பு. மறுநாள் பிள்ளைகளுக்குத் தேர்வு. வகுப்பு முடிந்தபின் செய்யலாமே என்றார் அம்மா. செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன், சீக்கிரம் முடிந்துவிடும் என்றேன்.

முதலில் சோதனை. பழைய டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்தேன். கறுப்புத் திரை. எனக்கு ஒரே உற்சாகம். நான் சந்தேகப்பட்டது சரி: விண்டோஸ் புதியதில் இருந்தாலும், அதைக் கிளப்பிவிடும் பூட் கோப்புகள் பழையதிலேயே தங்கியிருந்தன. அம்மாவோ கடிகாரத்தைப் பார்த்தார்.

பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை ஓடவிட்டு, புது டிஸ்க்கில் கொஞ்சம் இடம் பிரித்து, பூட் கோப்புகளை அங்கே எழுதினேன். பழையது இல்லாமலேயே விண்டோஸ் திறந்தது! ஆனால் அம்மாவின் வினாத்தாள்கள் பழையதில்தான் இருந்தன. ஒயரை மாட்டியே ஆகவேண்டும். மாட்டினால், மேலேயா கீழேயா என்ற கேள்வி திரும்ப வராதிருக்க, அதிலிருக்கும் பழைய பூட் பகுதியையும் அழித்தாக வேண்டும்.

மாட்டினேன். திரையில் ஒரே அளவில் இரண்டு பூட் பகுதிகள். ஒரு டிஸ்க்குக்கு ஆங்கில எழுத்தில் 'புதுசு' என்று பெயர்; இன்னொன்றுக்குப் பெயரே இல்லை. பெயரில்லாததுதான் பழையது என்று அதன் பூட் பகுதியைத் தேர்ந்தெடுத்து, அழிக்கும் கட்டளையையும் அடித்துவிட்டேன். என்டர் மட்டும் பாக்கி.

"கடைக்காரர் பேர்கூட வச்சுக் குடுத்திருக்கார் பாரும்மா" என்றேன்.

"அவர் எங்க வச்சார்? நான் வச்சது" என்றார் அம்மா. "வாங்கினப்ப அது புதுசுதானடி."

விரலை எடுத்தேன். அமுக்கியிருந்தால், சற்றுமுன் எழுதியதை நானே அழித்திருப்பேன். நான்கு மணி வகுப்பும் போயிருக்கும். இந்த முறை பெயரை நம்பாமல் டிஸ்க்கின் கொள்ளளவைப் பார்த்தேன். 'புதுசு'வில் இருந்த பூட் பகுதியை அழித்துவிட்டு, ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

திரை எதையும் கேட்காமல் நேராக விண்டோஸுக்குப் போனது. நான் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்ததும் அம்மா அதில் உட்கார்ந்துவிட்டார். வினாத்தாள் திறந்தது. ஒவ்வொரு பிள்ளையாக வகுப்புக்குள் வர, எல்லாரையும் மைக்கை ஆஃப் பண்ணச் சொன்னார். கம்ப்யூட்டர் பெட்டியை மூடக்கூட நேரமில்லை. கேமராவில் விழாமல், ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகக் குனிந்தபடியே அறையைவிட்டு வெளியேறினேன்.