டோர்பியோர்கின் வலது கை

டோர்பியோர்குக்கு நான் நாற்பத்தோராயிரம் குரோனர் கடன்பட்டிருந்தேன். ஏழாவதோடு பள்ளியை விட்ட நான், நார்வேயின் போட்ஸ்பியோர்டில் நூறு பேருக்குச் சம்பளம் போடும் மீன் ஆலையைத் தனி ஆளாக எழுப்பியவன். அங்கே முப்பது வருடம் காட் மீனை முள் நீக்கி அறுத்தவள் அவள். அறுத்த எடைக்குத்தான் கூலி.

மீன் வீணாவதைக் குறைக்க, ஓஸ்லோவிலிருந்து பெரும் பணம் கொடுத்து, மீன் அறுக்கக் கற்றுத்தரும் கணினிப் பாடம் வாங்கினேன். லிதுவேனியாவிலிருந்து வந்த புது ஆட்கள் அத்தனை பேரும் பாடத்தை முடித்தார்கள். திரை முழுக்கத் தேர்ச்சியின் பச்சை. வீணான மீனோ இரட்டிப்பானது.

"ஓட்வார், உன் கணினிப் பெட்டிக்குக் கத்தி புடிக்கத் தெரியுமாய்யா?" என்று என்னைக் கேட்ட டோர்பியோர்க், தானே ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று அறுத்துக் காட்டினாள். சேதம் குறைந்தது. அவள் அறுக்கும் எடை குறைந்து கூலியும் பாதியானது. நான் கணினியைத்தான் ஊரெல்லாம் புகழ்ந்தேன். இழந்த கூலிக்காக அவள் இரண்டு ஷிஃப்ட் அறுத்தாள். மூன்றாம் குளிர்காலத்தில் வலது கை விறைத்து, வேலையை விட்டாள்.

அடுத்த மாதமே, வந்த புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், சேதம் பழையபடி ஏறியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பணத்தோடு அவள் வீட்டுக்குப் போனேன்.

"நீ சொல்லிக்குடுத்த நேரத்துக்குக் கூலி" என்றேன்.

"பெட்டி சொல்லுச்சா?"

"இல்ல. வீணாப் போன மீனு சொல்லுச்சு."

"அதுக்கு இருக்கிற புத்திகூட ஒனக்கு இல்ல. எண்ணிக் குடு, என் விரலு மடங்காது."

விரிந்தே கிடந்த உள்ளங்கையில், ஆயிரம் குரோனர் தாள்கள் நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன்.