லிஃப்டில் ஏறக்கூடாதவர்கள்

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட் கமிட்டிக்கு இரண்டு வருடம் நான் செயலாளராக இருந்தேன். வேலைக்கு வருபவர்கள் படியால் ஏறவேண்டும், லிஃப்டைப் பாவிக்கக்கூடாது என்ற அறிவித்தலை எழுதியதும் நான்தான். லிஃப்ட் அடிக்கடி பழுதாகிறது என்று காரணம் சொன்னார்கள். மூன்று மொழியிலும் பிழையில்லாமல் எழுதவேண்டும் என்பதில்தான் என் கவனம் இருந்தது.

எங்கள் வீடு ஆறாம் மாடி. வேலைக்கு வந்தவர் ஹட்டன் தேயிலைத் தோட்டப் பக்கத்துப் பெண், ஐம்பது வயதிருக்கும். கொட்டாஞ்சேனையில் மகளோடு இருந்துகொண்டு, புறக்கோட்டையில் பஸ் மாறி வருவார். முழங்காலில் நோவு இருந்தது. படியால்தான் ஏறவேண்டும் என்று சொன்னபோது, "சரிங்கய்யா, மலையில ஏறாத படியா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு வசதியாக இருந்தது.

லண்டனிலிருந்து தங்கச்சி விடுமுறையில் வந்திருந்தாள். ஒரு காலை, உடம்புக்கு நல்லதென்று படியால் ஏறியவள், நான்காம் மாடியில் அந்தப் பெண் முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணா, கீழ ஒட்டியிருக்கிறதை ஆர் எழுதினது?"

"கமிட்டி முடிவு."

"எழுதினது ஆரெண்டு கேட்டன்."

"நான்தான்."

அவள் லண்டனில் முதியோர் இல்லமொன்றில் வயதானவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுகிறாள். நாங்கள் சொந்தக்காரரிடம், ஆஸ்பத்திரி வேலை என்று சொல்லிவைத்திருந்தோம். "பார்க்க வாற ஆக்களுக்கு முன்வாசல். வேலை செய்யிற எங்களுக்குக் குப்பைத் தொட்டி வைக்கிற பக்கம். உங்களுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை," என்றாள்.

அடுத்த நாளிலிருந்து அவளே கீழே போய், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து லிஃப்டில் கூட்டிவந்தாள். ஐந்தாம் மாடி அன்ரி ஒருவர் இவர்களைக் கண்டதும், "நான் அடுத்ததில வாறன்," என்று வெளியிலேயே நின்றுவிட்டார். பின்னேரமே எனக்கு முறைப்பாட்டுக் கடிதம் வந்தது.

தங்கச்சி லண்டன் திரும்பிய மறுநாள், அந்தப் பெண் படிப் பக்கம் திரும்புவதைக் கண்டேன். "லிஃப்டில வாங்கோ, நான் நிக்கிறன்தானே."

"வேணாங்கய்யா. லண்டன் அம்மா போயிட்டாங்க. நான் இங்கதான வேல செய்யணும்."

அடுத்த கூட்டத்தில், அறிவித்தலை எடுத்துவிடலாம் என்றேன். எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற மூன்றாம் மாடிக்காரர் கோபமில்லாமல் கேட்டார்: "உங்கட வீட்டில அவவுக்கு எதில தேத்தண்ணி குடுக்கிறனீங்கள்?"

குசினி யன்னலோரம் அந்தப் பெண்ணுக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் பேணியை அவர் கண்டிருக்கிறார். தங்கச்சி நின்ற மூன்று கிழமையும் அது அங்கேதான் இருந்தது. அவளும் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் மேசையில் கிடந்த காகிதங்களை அடுக்கினேன்.

அறிவித்தல் அப்படியே இருந்தது. செயலாளர் பொறுப்பை விட்டேன். அதனால் எதுவும் மாறவில்லை. மாத முடிவில் அந்தப் பெண், கொட்டாஞ்சேனையிலேயே மாடியில்லாத வீடொன்றில் வேலை கிடைத்ததென்று நின்றுவிட்டார். மனைவி புதுச் சேலை கொடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்க நினைத்து, "முழங்கால் கவனம்," என்று மட்டும் சொன்னேன்.

தங்கச்சி ஃபோனில் விசாரித்தபோது நடந்ததைச் சொன்னேன், பேணி விஷயத்தையும் சேர்த்து. "வேலைக்கு நேரமாச்சண்ணா," என்று வைத்துவிட்டாள்.