சிவந்த கற்றாழை

அந்தக் கற்றாழையை நினைத்தால் காலில் சுட்டதுதான் முதலில் நினைவுக்கு வரும். எங்கள் காக்ஸ் டவுன் வீட்டு முன்வாசலின் சிவப்பு சிமென்ட் தரை காலை பத்து மணிக்கே தோசைக்கல்லாகக் கொதித்தது. அதற்கு முந்தைய வாரம் வரை வெறுங்காலோடு அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் நான். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று எதிரே நின்ற தூங்குமூஞ்சி மரத்தை இரண்டே நாளில் அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அதுவரை நிழலிலேயே வளர்ந்த எங்கள் தொட்டிச் செடிகள் அத்தனையும் திடீரென்று நேர்வெயிலில் நின்றன.

மணிபிளான்ட் வெளுத்துச் செத்தது. கற்றாழை மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டது. அதன் பச்சை மடல்கள் முதலில் செம்பு நிறமாகி, பிறகு செங்கல் நிறத்துக்கு வந்தன. பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "சீக்கு புடிச்சிருக்கு, தூக்கிப் போடுங்க" என்றார். அம்மா தொட்டியைத் தூக்கவே போய்விட்டாள். நான் குறுக்கே நின்றேன். மடல்கள் சதைப்பிடிப்போடு இருந்தன, நடுவில் புதுக் குருத்து வந்திருந்தது. சீக்கு வந்த செடி குருத்து விடுமா என்று கேட்டேன். அம்மா தொட்டியை விட்டுவிட்டாள்.

பழைய குடையின் கறுப்புத் துணியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து ஒரு மடலின் நடுவில் சுற்றிக் கட்டினேன். எப்போதும்போல் தண்ணீர் ஊற்றினேன். மூன்று வாரம் கழித்து அவிழ்த்தபோது, துணி மூடியிருந்த இடம் மட்டும் பச்சைப் பட்டையாக இருந்தது. மேலும் கீழும் அதே சிவப்பு. ஒரே மடல், ஒரே மண், ஒரே தண்ணீர். வெயிலைச் சமாளிக்கத்தான் செடி சிவக்கிறது என்று பள்ளி ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து எழுதினேன்.

அறிவியல் ஆசிரியை ரெஜினா மிஸ் அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, "நோய் அல்லது நீர்ப் பற்றாக்குறை" என்று மேலே எழுதி, அப்படியே மாற்றி எழுதி வரச் சொன்னார். நான் மாற்றவில்லை. மறுநாளும் மாற்றவில்லை. மூன்றாம் நாள் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார்.

வீட்டில் நாங்கள் இருவர்தான். அம்மா பிரேசர் டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவள் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். அரைநாள் லீவு போட்டு, யூனிஃபார்ம் சேலையோடே என்னோடு பஸ் பிடித்து வந்தாள். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். மன்னிப்புக் கேட்கச் சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

மிஸ் புகார் முழுவதையும் சொல்லி முடித்து, "படிச்சவங்க சொல்றத இவ கேக்க வேணாமாம்மா?" என்று கேட்டார்.

அம்மா நோட்டைப் புரட்டி என் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாழ்ந்த குரலிலேயே சொன்னாள்: "கேக்கட்டும் மிஸ். ஆனா அவ கண்ணால பாத்ததத்தான் எழுதியிருக்கா, நானும் பாத்தேன். பாக்காதத எழுதச் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். நீங்க ஒருதரம் வந்து செடியப் பாருங்க."

மிஸ் வரவில்லை. அந்தச் சோதனைக்கு எனக்கு மதிப்பெண்ணும் இல்லை. நான் கற்றாழையை மாடிப்படிக்குக் கீழே நிழலில் வைத்தேன்; அது முழுக்கப் பச்சையாக ஒரு மாதத்துக்குமேல் ஆனது. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் மிஸ்ஸின் மேசைமேல் வைத்தேன். ஒவ்வொரு மடலாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வச்சிட்டுப் போ" என்றார். அவ்வளவுதான். ஆனால் நான் பள்ளியை விட்டுப் போகும்வரை அது ஆசிரியர் அறை ஜன்னலில் இருந்தது.

காரணம் எனக்குக் கல்லூரிப் பாடப்புத்தகம் ஒன்றில்தான் தெரிந்தது. ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் பசுங்கணிகங்களால் ஓர் அளவுக்கு மேல் ஒளியைத் தாங்க முடியாது. மீறிக் கொட்டினால் அவையே சிதைந்துபோகும். அப்போது இலையிலுள்ள மஞ்சள் நிறமிகள் மிஞ்சும் ஆற்றலை வாங்கி வெப்பமாக வெளியே விட்டுவிடுகின்றன. கற்றாழை போன்ற சில செடிகள் கூடவே ஒரு சிவப்பு நிறமியையும் உண்டாக்கி ஒளியில் ஒரு பங்கை மறித்துக்கொள்கின்றன. நிழல் கிடைத்ததும் பச்சைக்குத் திரும்புகின்றன. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, கோபம்தான் வந்தது; கண்ணால் பார்த்ததற்கு ஒரு புத்தகம் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்ததே என்று. இந்தப் பக்கம் கிடைக்காமலே போயிருந்தாலும் நான் மாற்றி எழுதியிருக்க மாட்டேன்.

இப்போது அந்த வீடு இல்லை. அந்த இடத்தில் கீழே கார் நிறுத்தம் வைத்த நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது. பள்ளி வேறு பெயரில் வேறு இடத்துக்குப் போய்விட்டது. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். பல விஷயங்கள் அவளுக்கு மறந்துவிட்டன. போன மாதம் இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. "மிஸ்கிட்டயா? நானா? நான் அப்படியெல்லாம் பேசியிருக்க மாட்டேன்டி" என்றாள்.

பேசினாள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.