கொடியில் சுருங்கிய பழம்

எங்கள் ஆபீஸ் சூப்பரின்டென்டன்ட் மேடத்துக்குக் குடி என்றாலே ஆகாது. கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு எதையும் முகர்ந்து பார்த்துத்தான் சாப்பிடுவார். பிக்னிக் போனால் ஆண்களின் கூல்டிரிங்க் பாட்டில்களையும் முகர்ந்து பார்ப்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் ஆலைக்கு வந்திருந்த ஜெர்மன் இன்ஜினியர் ஊர் திரும்புமுன் மகாபலிபுரம் கடற்கரை ஓட்டலில் விருந்து வைத்தார். சாப்பாடு முடிந்ததும் ஒல்லியான பாட்டில் ஒன்றைத் திறந்து, மேடத்துக்கும் கொஞ்சம் வெள்ளை ஒயின் ஊற்றினார். மேடம் கிளாஸைத் தள்ளிவிடப் போகிறார் என்றே நினைத்தோம். மேடம் முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் முகர்ந்தார்.

"ரோஜாவும் தேனும் கலந்தாப்புல கீதே! இன்னாய்யா இது?"

ஜெர்மன்காரர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். ஊரே அறுவடை முடித்த பிறகும் திராட்சையைக் கொடியிலேயே விட்டுவைத்து, அது சுருங்கிய பின்தான் பிழிவார்களாம். அப்போதுதான் இந்த வாசனையும் தித்திப்பும் வருமாம்.

"சுருங்கினப்பறம்தான் ருசின்னு இவருக்குத் தெரியுது. எங்க வூட்டுக்காரருக்கு யாரு சொல்றது?" என்ற மேடம், கிளாஸை நிதானமாக, ரசித்து ரசித்துக் காலி செய்தார். பிறகு மீதி பாட்டிலை மூடிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "அவருக்கும் கொஞ்சம் குடுக்கணும்."

சில மாதம் கழித்து அவர் கணவரைச் செங்கல்பட்டு ஸ்டேஷனில் பார்த்தேன்.

"ஜெர்மன்காரர் குடுத்தது எப்படி சார் இருந்துச்சி?"

"இன்னா குடுத்தாரு?" என்றார் அவர்.

மேடத்தின் மேல் எனக்கிருந்த மரியாதை அந்த நிமிடமே இரண்டு மடங்கானது.

"ஒரு பேனா சார்" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற ரயிலில் ஏறிக்கொண்டேன்.