பெட்டிக்குப் போன பேர்

கானா நாட்டுக் குமாசி நகரத்தின் சுவாமே பட்டறைப் பேட்டையில் பிராகோ அக்காவைத் தெரியாத டிரைவர் அப்போது கிடையாது. முட்டை அவித்து விற்க வந்தவள். கூடையை இறக்காமலே, ஓடும் எஞ்சினின் சத்தத்தை மட்டும் கேட்டு, "அந்த வண்டியில நாலு சிலிண்டர்ல ஒண்ணு வேலை செய்யல" என்று சொல்லிவிட்டு நடப்பாள். சிரித்த மெக்கானிக்குகள் திறந்து பார்த்தால் அப்படியேதான் இருக்கும். பிறகு கூடையை விட்டு ஸ்பானரைப் பிடித்தாள். அதுவும் ஆயிற்று பதினேழு வருடம். அவளிடம் இருந்த பெரிய கருவி ஒரு முழ ரப்பர் குழாய். ஒரு முனை காதில், மறுமுனை எஞ்சின் மேல்.

நான் அசியெடு, பக்கத்துக் கொட்டகைக்காரன். பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே இல்லை. அதனால் கம்ப்யூட்டர் பெட்டி வாங்கினேன். வண்டியில் செருகினால் கோளாறைத் திரையில் காட்டும். "என்ன டாக்டரம்மா, எஞ்சினுக்கு ஜுரமா?" என்று அவள் குழாயைக் கிண்டல் செய்திருக்கிறேன். இன்று சொல்லவே கூசுகிறது.

ஒபிரி என்பவரின் தக்காளி வேன் என்னிடம் வந்தது. மேடு ஏறினால் மூச்சு முட்டி நின்றுவிடும். பெட்டி காற்றை அளக்கும் ஒரு சென்சாரைக் காட்டியது, மாற்றினேன். மறுநாளே வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பெட்டி அதையே காட்டியது, நானும் புத்தி கெட்டு அதையே மாற்றினேன். மூன்றாம் முறை, மதியத்துக்குள் ஓடாவிட்டால் பேட்டை முழுக்க என் மானத்தை வாங்கிவிடுவதாகச் சொல்லிவிட்டு ஒபிரி சாப்பிடப் போனார்.

அக்காவைக் கூப்பிட்டேன். வேறு வழி? அவள் ஒரு சொல்லால்கூடக் குத்திக்காட்டவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, குழாயை நகர்த்தி நகர்த்திக் கேட்டாள். கால் மணி நேரத்தில் கை நின்றது.

"இங்க திருட்டுக் காத்து உள்ள போவுதுடா. உன் பெட்டி பொய் சொல்லல. காத்து அதிகம்னுதான் அது கத்தியிருக்கு. எங்கேருந்து வருதுன்னு நீதானே தேடணும்?"

காற்றுக் குழாயின் அடியில், கண்ணுக்குப் படாத இடத்தில், நகக்கண் அளவு வெடிப்பு. வேறு குழாய் மாட்டி இறுக்கிவிட்டுக் கை கழுவப் போனாள்.

ஒபிரி வந்தார், ஓட்டிப் பார்த்தார், வாயெல்லாம் பல். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். நான் பெட்டியைத் தட்டிக் காட்டினேன்.

அவ்வளவுதான் செய்தேன். திரும்பினால் ஈரக் கையோடு அக்கா நிற்கிறாள். நான் பானெட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். ஒபிரி பெட்டியைப் படம் எடுத்து டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

அதற்கப்புறம் அவளிடம் வருகிறவர்கள் முதலில் பெட்டி இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் வண்டி என் பக்கம் திரும்பியது. ஆறே மாதத்தில் அவள் கொட்டகையில் கோழி மேய்ந்தது. "அன்னிக்குக் கண்டுபிடிச்சது அக்காதான்" என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் பிழைப்பு திரும்பிவிடும். தினமும் காலையில் சொல்லிவிடுவதென்றுதான் வருவேன். வரிசையாக நிற்கும் வண்டிகளைப் பார்த்ததும் வாய் எழாது. என்னைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை அவளே வந்தாள். மழையில் நனைந்து வீணாய்ப் போன என் பழைய பெட்டியைக் கேட்டாள்.

"அது செத்துப்போச்சே அக்கா. வெறும் லைட்டுதான் எரியும்."

"அது போதும். நான் காதால கேக்குறப்ப, அவங்க பாக்குறதுக்கு ஒண்ணு வேணும்ல?"

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் தாங்கிக்கொண்டிருப்பேன். பெட்டியைத் துடைத்துக் கொடுத்தேன்.

இப்போது அவளிடம் மறுபடி கூட்டம். பெட்டியைச் செருகி விளக்கை எரியவிட்டு, அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாமல் குனிந்து குழாயைக் காதில் வைத்துக் கேட்கிறாள். போன வாரம் ஒபிரியே அங்கே நின்றார். வேலை முடிந்ததும் எரிகிற விளக்கைப் பார்த்து மெச்சினார்.

"நல்ல மிஷினு. எங்க வாங்கின?"

அக்கா என் கொட்டகையைக் கைகாட்டினாள். ஒபிரி திரும்பி எனக்குக் கட்டைவிரலை உயர்த்தினார்.

நானும் கையை உயர்த்தினேன்.